கண்ணில் பட்ட பதினொருவர்

சேப்பாக்கத்தில் ஒரு காலத்தில் பொங்கல் என்றால் கிரிக்கெட். வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம், இந்தியர்கள் ஒரு பக்கம். பிரசிடென்சி மேட்ச் என்று அதற்குப் பெயர். ஆண்டு முழுக்க எதிரெதிர் கிளப்புகளில் மல்லுக்கட்டியவர்களில் நல்ல ஆட்டக்காரர்களாகப் பார்த்து எடுத்து, அந்தச் சில நாட்களுக்கு மட்டும் ஒரே அணியாக்கி இறக்குவார்கள். ஆட்டம் முடிந்ததும் அவரவர் கிளப்புக்குத் திரும்பி மறுபடியும் எதிரிகளாகிவிடுவார்கள். இன்று ஆல் ஸ்டார் ஆட்டம் என்று சொல்கிறோமே, அதற்கு நம் பக்கத்து முன்னோடி இதுதான்.

இதைக் கொண்டுவரப் பாடுபட்டவர் புச்சி பாபு. முழுப்பெயர் மோத்தவரபு வெங்கட மகிபதி நாயுடு. 1868இல் பிறந்து, மயிலாப்பூர் லஸ் ஹவுஸில் செல்வச் செழிப்பில் வளர்ந்தவர். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846லிருந்து இருந்தது. ஆனால் அது வெள்ளைக்காரர்களுடையது. அங்கே ஆடப் போகும் இந்தியர்களுக்கு பெவிலியனுக்குள் இடமில்லை, மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது என்று அந்தக் கால நினைவுகளில் சொல்வார்கள். புச்சி பாபு மனு எழுதிக் கொண்டிருக்கவில்லை. 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். பையன்களைச் சேர்த்தார், மட்டையும் பந்தும் உடையும் தன் கைக்காசில் வாங்கிக் கொடுத்தார், ஆட்டம் கற்றுக்கொடுத்தார். இருபது வருஷம் இந்த உழைப்பு நடந்தது. அதன் பிறகு எதிர்த் தரப்பிலிருந்த பார்ட்ரிட்ஜ் போன்றவர்களோடு பேசி, ஆண்டுதோறும் இரு தரப்பும் மோதும் ஆட்டத்துக்கு ஏற்பாடானது. முதல் ஆட்டம் நெருங்கிய வேளையில், 1908 டிசம்பரில், நாற்பது வயதில் அவர் இறந்துபோனார். தான் விதைத்த ஆட்டத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனசு கனக்கிறது.

1915–16லிருந்து அந்த ஆட்டம் முதல்தர ஆட்டமாகக் கணக்கில் வருகிறது. 1951–52 வரை நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பதினொரு ஐரோப்பியரைத் தேற்றுவதே பெரும்பாடாகி நின்றுபோனது.

அந்த ஆட்டத்தின் உள்ளே இருந்த முரண்பாட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன். சுவர் எழுப்பிப் பிரித்த ஆட்டம் அது. நீ யார் பிள்ளை, உன் தோலின் நிறம் என்ன என்பதை வைத்துத்தான் எந்த அணி என்று முடிவாகும். பம்பாயில் இதே வழக்கம் இன்னும் தூரம் போயிற்று. பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள், ஐரோப்பியர், பிற்பாடு மற்றவர்கள் என்று மதவாரியாக ஐந்து அணிகள். 1940இல் காந்தி அதைக் கண்டித்தார். 1946இல் அது முடிவுக்கு வந்தது. இந்துக்கள் அணியின் தலைசிறந்த பந்துவீச்சாளர் பல்வங்கர் பாலு தலித் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்குக் கடைசிவரை அந்த அணியின் தலைமை கிடைக்கவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923இல் கிடைத்தது. விக்கெட் எடுக்க மட்டும் பாலு வேண்டியிருந்தது.

ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் இன்னொன்றும் நடந்தது. கிளப்பாகவும் தெருவாகவும் சிதறிக் கிடந்தவர்கள் ஒரே அறையில் உடை மாற்றினார்கள், ஒரே பந்துக்காகக் கத்தினார்கள். நாகபுரியிலிருந்து வந்த சி.கே. நாயுடு 1920–21 ஆட்டத்தில் சதமடித்தார். அவர் அடித்த ஒரு பந்து மைதானத்தைத் தாண்டி வெகுதூரத்தில் ஒரு தென்னை மரத்தருகே விழுந்ததாகச் சென்னையில் இன்றும் சொல்வார்கள். புச்சி பாபுவின் மகன்கள் பாலையாவும் ராமசாமியும் ஆடினார்கள். தாத்தா வீட்டுக்குத் தத்துப்போனதால் கோட்டா ராமசாமி ஆன அந்த மகன், டேவிஸ் கோப்பை டென்னிஸும் டெஸ்ட் கிரிக்கெட்டும் ஆடிய அபூர்வமான மனிதர். அப்பாவை மரத்தடியில் உட்கார வைத்த ஊரில் மகன் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நின்று ஆடியதை அந்தத் தலைமுறை பார்த்தது.

இதே சமயத்தில் உலகின் மறுகோடியில் வேறொரு ஆல் ஸ்டார் ஆட்டம் பிறந்தது. 1939 ஜனவரி 15. நமக்குப் பொங்கல் நாட்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ரிக்லி ஃபீல்ட் என்ற பேஸ்பால் மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து. நாம் காலால் ஆடும் கால்பந்து அல்ல அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தடுக்க வருபவர்களை முட்டித் தள்ளி ஓடும் ஆட்டம். தொழில்முறை லீகில் அப்போதுதான் முடிந்த 1938 பருவத்தில் பட்டம் வென்ற நியூயார்க் ஜயண்ட்ஸ் ஒரு பக்கம். மற்ற அணிகளிலிருந்து தேர்ந்தெடுத்த நட்சத்திரங்கள் மறுபக்கம். ஜயண்ட்ஸ் 13, நட்சத்திரங்கள் 10.

அந்த முறையில் மொத்தம் ஐந்து ஆட்டங்கள்தான் நடந்தன. போரினால் பயணம் கஷ்டமாகி 1942 டிசம்பரோடு நின்றது. 1951இல் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது. ஐந்தில் முதல் நான்கிலும் வென்றது சாம்பியன் அணி. கடைசி ஒன்றில்தான் நட்சத்திர அணி ஜெயித்தது, அதுவும் 17–14 என்று. நாலு ஊர்ப் பேர்போன சமையல்காரர்களை ஒரே அடுப்படியில் நிறுத்தினால் கல்யாணச் சாப்பாடு தானாக ருசித்துவிடாது. மாதக்கணக்கில் கூடவே இருந்து, யார் எப்போது எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரிந்துகொண்ட சாதாரணர்கள், நேற்றுக் கூடிய மேதைகளை அடித்துவிடுவார்கள். அணி என்பதை நம்புகிறவன் என்ற முறையில் இந்தக் கணக்கு எனக்குச் சந்தோஷம் தருகிறது.

அந்த முதல் ஆட்டத்தில் வேறொரு விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நட்சத்திர அணியில் லீக் ஆட்டக்காரர்கள் மட்டும் இல்லை. லீகிலேயே இல்லாத இரண்டு உள்ளூர் அணிகளிலிருந்தும், அதாவது லாஸ் ஏஞ்சலஸ் புல்டாக்ஸ், ஹாலிவுட் ஸ்டார்ஸ் அணிகளிலிருந்தும் ஆட்களைச் சேர்த்திருந்தார்கள். ஆட்டம் நடப்பது அந்த ஊரில். அந்த ஊர்க்காரர்கள் கண்ணெதிரே இருந்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதே ஊரில் அதே வருஷம் கென்னி வாஷிங்டன் என்ற இளைஞர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் கிளைக்காக ஆடிக்கொண்டிருந்தார். 1939இல் கல்லூரி ஆட்டத்தில் நாட்டிலேயே முதல் வரிசையில் நின்றவர். அவரோடு அந்த அணியில் ஆடியவர்களில் ஒருவர், பின்னால் பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சன். கறுப்பர் என்பதால் வாஷிங்டனைத் தொழில்முறை லீகின் எந்த அணியும் எடுக்கவில்லை. 1934லிருந்து 1945 வரை அந்த லீகில் ஒரு கறுப்பர்கூட ஆடவில்லை. எழுதிவைத்த விதி எதுவும் கிடையாது. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

1946இல் கிளீவ்லாந்து ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்து, பொதுப்பணத்தில் கட்டிய கொலிசியம் மைதானத்தைக் கேட்டது. கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, எங்கள் வரிப்பணத்தில் கட்டிய மைதானத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு இடமில்லையா என்று வாதிட்டார்கள். அதன் பிறகுதான் வாஷிங்டனோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குள் அவர் வயது இருபத்தேழு; முழங்காலில் கத்தி பட்டாயிற்று. மூன்று பருவம் ஆடிவிட்டு ஓய்வு பெற்றார். நல்ல வயதை உள்ளூர்ச் சிறு அணிகளில் செலவழித்திருந்தார். ஆல் ஸ்டார் என்று அச்சடித்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போன ஆயிரக்கணக்கானவர்கள் நாட்டின் தலைசிறந்தவர்களைப் பார்த்தோம் என்று நம்பித்தான் வீடு திரும்பியிருப்பார்கள்.

தலைசிறந்தவர்கள் என்று நாம் சொல்லும்போது, தேர்ந்தெடுப்பவரின் கண்ணுக்கு எட்டியவர்களுக்குள் தலைசிறந்தவர்கள் என்றுதான் அர்த்தம். சேப்பாக்கத்துக்கும் இதே கதைதான். எம்.ஜே. கோபாலன் எங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கம் என்ற கிராமத்தில் 1909இல் பிறந்தார். குடும்பம் திருவல்லிக்கேணிக்கு வந்தது. அங்கிருந்து சேப்பாக்கம் நடந்துபோகும் தூரம். அந்தத் தூரம்தான் அவர் வாழ்க்கையை மாற்றியது என்பேன். அவரைக் கண்டுகொண்டு பர்மா ஷெல்லில் வேலை வாங்கிக் கொடுத்தவர் சி.பி. ஜான்ஸ்டன். பிரசிடென்சி மேட்சில் ஐரோப்பியர் பக்கம் நின்ற ஆள்! 1934 நவம்பர் 4ஆம் தேதி சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். முதல் பந்தை வீசியவர் கோபாலன். மதராஸ் அணிக்குத் தலைவர் ஜான்ஸ்டன். அதே அணியில் ஏ.ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட் எடுக்க, ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. பொங்கலுக்குப் பொங்கல் எதிரெதிராக நின்றவர்கள் அன்று ஒரே அணியில் நின்றார்கள். பிரசிடென்சி மேட்ச் தந்த ஆகப்பெரிய பலன் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1935இல் தியான்சந்தோடு நியூசிலாந்து போனார். அடுத்த வருஷம் ஹாக்கி அணி பெர்லின் ஒலிம்பிக்குக்கும் கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கும் கிளம்பின. அவர் கிரிக்கெட்டோடு போனார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவரை ஆடவிடவில்லை. ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. தேர்வாகி, கப்பலேறி, கடைசியில் வெளியே உட்காரும் கொடுமையையும் அவர் பார்த்துவிட்டார்.

மொரப்பாக்கத்திலேயே இருந்திருந்தால்? இந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது, ஏனென்றால் நான் உட்கார்ந்து எழுதுவது திருப்பருத்திக்குன்றத்தில். காஞ்சிபுரத்தை ஒட்டி, வேகவதிக் கரையில். சேப்பாக்கம் இங்கிருந்து சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் ஜினகாஞ்சி. வர்த்தமானர் கோயிலும் சந்திரபிரபர் கோயிலும் பார்க்க வருவார்கள். வர்த்தமானர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் கட்டினார். அதன் விதானம் முழுக்கத் தீர்த்தங்கரர் வரலாறு வண்ணத்தில் ஓடுகிறது. ஊர்வலம், நாட்டியம், பல்லக்கு என்று கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். நெடுங்காலம் ஊர்க்காரர்களும் சமணக் குடும்பங்களும் மட்டுமே அண்ணாந்து பார்த்த சித்திரங்கள் அவை. மதராஸ் அருங்காட்சியகத்திலிருந்து டி.என். ராமச்சந்திரன் வந்தார், ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார், எழுதினார். கோயிலைப் பற்றிய அவருடைய நூல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது 1934இல். சேப்பாக்கத்தில் கோபாலன் முதல் பந்து வீசிய அதே வருஷம். அந்த ஒரு மனிதர் வந்து பார்த்த பிறகுதான் கலை வரலாறு எழுதுபவர்களின் பட்டியலில் எங்கள் விதானம் ஏறியது. அதற்கு முன்னும் சித்திரங்கள் அங்கேதான் இருந்தன.

இங்கே நெசவு இன்னும் இருக்கிறது, முன்னைப்போல் இல்லை. குழித்தறியில் உட்கார்ந்து கோர்வைச் சேலை நெய்வதென்றால் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா. பக்கத்தில் கை கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆளாக முன்பு வீட்டுப் பையன் இருப்பான். இப்போது அவன் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஷிஃப்டில் நிற்கிறான். விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் கிரிக்கெட்டுக்கு.

அப்படி ஒரு ஞாயிறு, பொங்கலை ஒட்டிய டோர்னமென்ட். என்ட்ரி ஃபீஸ் கட்டிச் சுற்றுவட்டார அணிகள் வந்திருந்தன. ஃப்ளெக்ஸ் பேனரில் முதல் பரிசுத் தொகையும், கோப்பை வாங்கித் தந்தவரின் படமும். டென்னிஸ் பந்துதான். இடது கைப் பையன் ஒருவன் வீசிக்கொண்டிருந்தான். ஓட்டம் நாலைந்து அடிதான் இருக்கும். கை காதை உரசிக்கொண்டு வந்தது, பந்து மட்டைக்காரனின் கால்விரலடியில் போய் விழுந்தது. மறுபடியும் அதே இடம். மறுபடியும். டென்னிஸ் பந்து எகிறும், காற்றில் அலையும். அதை வைத்துக்கொண்டு யார்க்கரை அப்படித் தொடர்ந்து இறக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. மட்டைக்காரன் நாலாவது பந்துக்கு முன்னாலேயே காலை விலக்கி வைத்துக்கொண்டான். பந்து அந்த இடைவெளியில் புகுந்து செங்கல் அடுக்கிய ஸ்டம்பைச் சாய்த்தது. ஆட்டம் முடிந்ததும் அவனிடம் போய்ப் பேசினேன்.

“செலக்‌ஷனுக்கு எங்கயாவது போனியாப்பா?”

“போகணும்னு நெனச்சேன் சார். அன்னைக்கு ஷிஃப்ட் இருந்துச்சு. லீவு போட்டா அட்டெண்டன்ஸ் போனஸ் போயிடும்.”

“அடுத்த தடவ போயேன்.”

“அங்க கார்க் பந்து சார். வெள்ள டிரஸ், ஸ்பைக் ஷூ எல்லாம் கேப்பாங்க. நாம இங்கயே ஆடிக்க வேண்டியதுதான்.”

பக்கத்தில் நின்ற அவன் சித்தப்பா, இன்னும் தறியில் இருப்பவர், “இவன் கை தறிக்கும் நல்லாத்தான் பேசும் சார்” என்றார். அதில் பெருமையும் இருந்தது, ஆதங்கமும் இருந்தது.

அவனைப் பெரிய ஆட்டக்காரன் என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. தகுதி உள்ள ஒருவர் அவனைப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம். அப்படிப் பார்க்க ஒருவர் அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் காலத்திலேயே ஆதாரம் இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி தங்கராசு நடராஜன், தறித் தொழிலாளியின் மகன். அம்மா சாலையோரத்தில் கடை போட்டவர். இருபது வயதுவரை அவரும் டென்னிஸ் பந்துதான் வீசினார். அந்த யார்க்கர் ஊர் மைதானத்தில் பழகியது. ஊரிலேயே ஜெயப்பிரகாஷ் என்ற அண்ணன் ஒருவர் அவரிடம் இருந்ததைக் கண்டு சென்னைக்கு அழைத்து வந்து கிளப்பில் சேர்த்தார். 2015இல் ரஞ்சி. 2017இல் ஐபிஎல் ஏலத்தில் மூன்று கோடி ரூபாய். 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குப் போன இந்திய அணியோடு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகத்தான் கூட்டிப்போனார்கள். ஒவ்வொருவராகக் காயம்பட்டு விழ, இவருக்கு வாய்ப்பு வந்தது. டிசம்பர் 2 ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4 இருபது ஓவர் ஆட்டம், 2021 ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகம். மாட்டுப்பொங்கலன்று காலையில் எங்கள் தெருவில் தறியை நிறுத்திவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார்.

இதை அதிர்ஷ்டம் என்பார்கள். காயங்கள் அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் காயம்பட்ட இடத்தில் நிறுத்த அங்கே ஒரு ஆள் தயாராக இருந்தான் என்றால், அதற்குப் பின்னால் பல வருஷத்துக்கு முன் சின்னப்பம்பட்டியில் நின்று பார்த்த ஒரு ஜோடிக் கண் இருக்கிறது. புச்சி பாபு செய்ததும் அதைத்தான். அவர் அணி தேர்ந்தெடுக்கும் இடத்தில் உட்காரும் முன்னால், பல வருஷம் பையன்களைத் தேடிப் பிடித்தார். இன்று அவர் பெயரில் போட்டி நடத்துகிறோம். அவர் செய்த வேலையைச் செய்ய ஆள் குறைவு.

நடராஜனுக்கு அது புரிந்திருக்கிறது. சம்பாதித்த பணத்தில் சின்னப்பம்பட்டியிலேயே மைதானம் கட்டினார், 2023 ஜூனில் திறந்தது. ஊர்ப் பையன்கள் சேலத்துக்கோ சென்னைக்கோ ஓடாமல் அங்கேயே கார்க் பந்தில் பழகலாம்.

வேகவதிக் கரையில் அப்படி ஒரு மைதானம் நாளைக்கே வராது, தெரியும். ஆனால் கேட்பதற்குச் சில சின்ன விஷயங்கள் இருக்கின்றன. தேர்வை ஞாயிற்றுக்கிழமையில் வைக்கலாம். வெள்ளை உடையும் ஷூவும் இல்லாதவனுக்கு அன்றைக்கு அங்கேயே கொடுத்து வீசச் சொல்லலாம். பொங்கல் டோர்னமென்ட் நடக்கும் நாட்களில், பந்துவீச்சு தெரிந்த ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சுற்றுவட்டார மைதானங்களுக்கு ஒரு நடை வரலாம். காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் இறங்கினால் ஷேர் ஆட்டோ இருக்கிறது. கோயில் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். மைதானம் அதைத் தாண்டிக் கொஞ்சதூரம்.